‘அமொக்’ – ஓர் ஆங்கில வினையடையின் வரலாறு

சினத்தைக் குறிக்கத் தமிழிலுள்ள சொற்கள் பல. சினம், வெகுளி, சீற்றம், செற்றம், முனிவு, கறுவு என்பன தம்முள் நுண்ணிய வேறுபாடுடையன. கறுப்பு, சிவப்பு என்னும் நிறப்பெயர்களும் வெகுளிப் பொருள் தருமெனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறினார். அவரே மெய்ப்பாட்டியலில் வெகுளியை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது தோன்றும் களன்கள் நான்கு என வகுத்தார். உறுப்புகளை அறுத்தல், குடியையும் சுற்றத்தையும் கேடு சூழ்தல், வைதும் புடைத்தும் அலைத்தல், அறிவும் புகழும் முதலியவற்றைக் கொன்றுரைத்தல் என அந்நான்கினையும் உரையாசிரியர் விரிப்பர். காரணமின்றித் தோன்றும் வெகுளியொன்றை இலக்கணம் கூறிற்றன்று. சினம் இருப்பின் அதற்கோர் அடியிருக்கும் என்பதே அதன் துணிபு.

ஆங்கிலத்திலோ, காரணம் யாதெனக் கேட்கவே இடங்கொடாத சினச்சொல் ஒன்றுண்டு. ‘அமக்’ என்றும் ‘அமொக்’ என்றும் இருவகையாக எழுதப்படும் அச்சொல், ‘ஓடு’ எனப் பொருள்படும் ‘ரன்’ என்னும் வினையோடு சேர்ந்து, வெறிகொண்டு எதிர்ப்பட்டாரையெல்லாம் தாக்கித் திரிதலை உணர்த்தும். வினையைச் சார்ந்து நிற்றலின் அகராதிகள் அதனை வினையடை என வகுக்கும். கட்டுக்கடங்காத கூட்டம், மதம்பிடித்த யானை, வரம்பிகந்த விலைவாசி ஆகிய எல்லாவற்றுக்கும் இக்காலப் பத்திரிகைகள் அதனை வழங்குகின்றன. பள்ளி மாணவரும் ஆங்கிலக் கட்டுரைகளில் அதனை எளிதிற் கையாளுகின்றனர். எனினும் அது ஆங்கில மண்ணிற் பிறந்த சொல்லன்று. அது வந்த வழியை ஆராயுமிடத்து, ஒரு சொல் பொருள் திரியுங்கால் ஒரு மக்களினத்தின் பெயரும் உடன் திரிந்து கெடுவதைக் காணலாம்.

வடிவம்

பதினேழாம் நூற்றாண்டிலேயே இச்சொல் ஆங்கில இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. அன்ட்றூ மார்வெல் 1672இல் வெளியிட்ட உரைநடை நூலொன்றில் இதனைக் காணலாம். 1687இல் டிறைடனும், அடுத்த நூற்றாண்டிற் போப்பும் தத்தம் செய்யுட்களில் இதனை வழங்கினர். டிறைடன் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் ‘ஒரு’ எனப் பொருள்படும் முற்சொல்லை முதலில் வைத்து, ‘இந்திய’ என்னும் அடைமொழியை இடையிற் கொணர்ந்து, ‘மக்’ என்பதைத் தனிப்பெயராக இறுதியில் நிறுத்தினார். எனவே சொல்லின் முதலெழுத்தாகிய அகரத்தை ‘ஒரு’ என்னும் முற்சொல்லெனப் பிழைபட உணர்ந்து, ‘மக்’ என்றொரு பொருள் உண்டுபோலும் என அக்காலத்தார் கருதினர் என்பது பெறப்படும்.

இத்தகைய பிழைப்பிரிப்பு ஆங்கிலத்துக்குப் புதிதன்று. மேலாடையைக் குறிக்கும் ‘ஏப்ரன்’ என்னும் சொல் முன்னர் ‘நேப்ரன்’ என இருந்தது. விரியன் பாம்பைக் குறிக்கும் ‘அடர்’ என்பது முன்னர் நகரத்தை முதலாக உடையது. இரண்டிலும் முதலெழுத்தாகிய நகரம், முன்னின்ற ‘ஒரு’ என்னும் முற்சொல்லோடு சேர்ந்து கழிந்தது. கரையில், காலால், பக்கத்தில் எனப் பொருள்தரும் ‘அஷோர்’, ‘அஃபுட்’, ‘அசைட்’ முதலிய வினையடைகளும் ஆங்கிலத்தில் அகரத்தையே முதலாகக் கொண்டு வருவன. அவற்றின் அகரம் பழைய முன்னிடைச்சொல்லொன்றின் எச்சம். ‘அமக்’ என்பதும் செவிக்கு அவற்றைப் போன்றே ஒலித்தமையால், பிறமொழிப் பெயரொன்று ஆங்கில வினையடையாகிக் குடியேறுதல் எளிதாயிற்று.

பிறப்பிடம்

இதன் மூலம் மலாய் மொழியிலுள்ள ‘அமுக்’ என்னும் சொல். போரில் உயிரை வெறுத்துப் பாய்தல், வெறிகொண்டு கொன்று திரிதல் என்பன அதன் பொருள்கள். சினங்கொண்ட விலங்குக்கும் அது வழங்கும். அவ்வடியிலிருந்தே ‘மெங்அமுக்’ என்னும் வினை பிறக்கும். யாவா மொழியிலும் ‘ஙமுக்’ என்னும் வினை உண்டு.

ஐரோப்பிய நூல்களிற் பழைய குறிப்பு போர்த்துக்கேயராகிய துவார்த்தே பர்போசா எழுதியது. கண்ணனூரிற் பணிபுரிந்து மலையாளமும் கற்ற அவர், ஏறத்தாழ 1516இல் முடித்த நூலில், யாவா நாட்டார் சிலரைப்பற்றிக் கூறுகின்றார். கடும் பிணியுற்றார், பிணி தீருமாயின் இதனினும் மேலான சாவைத் தாமே தேடிக்கொள்வதாகக் கடவுளுக்கு நேர்ந்துகொள்வர். பிணி நீங்கியதும் குத்துவாளேந்தித் தெருவிற் புகுந்து, தாம் கொல்லப்படும்வரை எதிர்ப்பட்டாரைக் கொல்வர். அவர்க்குப் பெயர் ‘அமுக்கோ’ என்பது அவர் கூற்று. அச்செயல் கொடிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பர்போசாவின் குறிப்பில் அதற்கு ஒரு நேர்த்திக்கடன் காரணமாகக் காட்டப்பட்டுள்ளமை மனங்கொளற்பாலது.

போர்த்துக்கேயர் இதே சொல்லை மலையாளக் கரையிலும் வழங்கினர். கொச்சி அரசனுக்காக உயிர்விடச் சூளுரைத்த நாயர் வீரரையும் அவர்கள் இப்பெயராற் குறித்தனர். 1560களில் அங்குச் சென்ற வெனிசு வணிகர் சேசரே பெதரிசியும் அவ்வாறே எழுதினார். இதனால், சொல் மலாய் நாட்டதா, மலையாள நாட்டதா என்னும் வினா பின்னர் எழுந்தது. யூல், பேர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்னும் சொற்களஞ்சியம் இதனை விரிவாக ஆராய்கின்றது. ‘அமர்’ என்னும் திராவிடச் சொல்லடியாகப் பிறந்து வீரனைக் குறிக்கும் ‘அமர்க்கன்’ என்பதே மூலமாகலாம் என்னும் கருத்தும், அவிழ்க்கலாகாதது எனப் பொருள்படும் வடசொல்லே மூலம் என்னும் கருத்தும் அதிற் காட்டப்பட்டுள்ளன. ஆயினும் ஆங்கிலத்துக்கு இச்சொல் மலாய் நாடுகளிலிருந்தே வந்தது என்பதில் அந்நூலாசிரியர்க்கு ஐயமிருக்கவில்லை.

‘அமர்’ என்பது போரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். ஆதலின் உலகறிந்த இவ்வாங்கிலச் சொல்லும் தமிழின் வழித்தோன்றலே எனக் கூற ஆர்வமெழுதல் இயல்பு. ஆனால் ஒலியொப்புமை ஒன்றே சொற்பிறப்புக்குச் சான்றாகாது. மலாய் மொழி தமிழிலிருந்து கொண்ட சொற்கள் பல உள. கப்பல் ‘காபால்’ ஆயிற்று. கடை ‘கெடை’ ஆயிற்று. பெட்டி ‘பெதி’ ஆயிற்று. மாம்பழம் ‘மெம்பெலம்’ ஆயிற்று. இவற்றில் இரட்டித்த மெய் ஒற்றையாதலும், ழகரம் லகரமாதலும் ஆகிய ஒழுங்குகள் தெளிவாகப் புலப்படும். கப்பலும் கடையும் பெட்டியும் வணிகரோடு சென்ற பொருள்களாதலின் அவை சென்ற வழியும் தெளிவு. அமர்க்கன் ‘அமுக்’ ஆவதற்கு இவ்வாறான ஒழுங்கு இல்லை. மெய்யெழுத்தின் முன் நிற்கும் ரகரத்தை மலாய் மொழி விலக்குவதன்று. வடமொழி வர்ணம் அங்கு ‘வர்ணா’ என ரகரம் கெடாமலே வழங்குகின்றது. அவ்வாறிருக்க, அமர்க்கனின் ரகரம் மட்டும் மறைந்தமைக்குக் காரணம் கூறல் அரிது. ஆளைக் குறிக்கும் பெயர் செயலைக் குறிக்கும் அடிச்சொல்லாக மாறியமைக்கும் விளக்கமில்லை. யாவா மொழியும் இச்சொல்லைத் தன் வினையமைப்பில் இயல்பாகக் கொண்டுள்ளமையை நோக்குமிடத்து, இது அத்தீவுகளின் சொல்லே எனக் கொள்வதே பொருத்தம். தமிழுக்கு உரிமையில்லாததை உரிமையாக்குவதால் தமிழுக்குப் பெருமை சேராது.

சூளுரைத்த வீரர்

சொல் தமிழதன்றாயினும், போர்த்துக்கேயர் மலையாளக் கரையிற் கண்ட வழக்கம் தென்னாட்டுக்குப் புதிதன்று. மலையாளத்தில் அவ்வீரர்க்குரிய பெயர் ‘சாவேர்’ என்பது. சாவை ஏற்றுக்கொண்டோர் என்பது அதன் பொருள். பன்னீராண்டுக்கொருமுறை பாரதப்புழைக் கரையிலுள்ள திருநாவாயில் நிகழ்ந்த மாமாங்க விழாவில், கோழிக்கோட்டுச் சாமூதிரி தலைமை தாங்கி வீற்றிருக்க, வள்ளுவநாட்டு அரசனின் சாவேர் அவரை நோக்கி வாளோடு பாய்ந்து மடிந்தனர். இவ்வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. அவர்கள் எதிர்ப்பட்டாரையெல்லாம் வெட்டும் பித்தர் அல்லர். அவர்கள் சினத்துக்கு இலக்கு ஒருவரே, காரணமும் ஊரறிந்ததே.

தமிழ்நாட்டில், போர்க்களத் தீயில் வீரர் தம் உயிரை ஆகுதியாக்குதலைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘அவிப்பலி’ என ஒரு துறையாக்கிற்று. பாண்டியனைக் காத்தோர் ‘தென்னவன் ஆபத்துதவிகள்’ எனப்பட்டனர். சோழர் படையில் இருந்த வேளைக்காரர், உற்ற வேளையில் உயிர்கொடுப்போர் என அறிஞராற் கொள்ளப்படுவர். அவர்கள் இலங்கையிலும் இருந்தனர். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லைக்கு அப்பாலுள்ள பொலன்னறுவையில், முதலாம் விசயபாகுவின் காலத்துக்குப் பின் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் உண்டு. புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட கோயிலைத் தாம் காத்துநிற்பதாக அதில் அவர்கள் உறுதிகூறினர். சினம், வெறி என்னும் சொற்களால் அளக்கவியலாத கடப்பாடு அது.

பொருள் திரிந்தவாறு

நேர்த்தியும் சூளுறவும் ஐரோப்பியர் நினைவிலிருந்து மெல்ல மறைந்தன, கொலைமட்டுமே எஞ்சியது. 1770இல் கப்பித்தான் குக் பட்டாவியாவில் தங்கியதைக்கொண்டு ஹோக்ஸ்வேத் 1773இல் வெளியிட்ட நூலில், அந்நகரில் இவ்வாறு வெறிகொண்டு ஓடியோர் பெரும்பாலும் அடிமைகள் என்றும், இழிவு மிகுதியும் சட்டத்தின் துணை குறைவும் உடையோர் அவரே என்றும் ஒரு குறிப்பு உண்டு. அக்குறிப்பை ஊன்றி நோக்கியிருப்பின் இச்சொல்லின் வரலாறு வேறு திசையிற் சென்றிருக்கும். அபினி, மலாய் இரத்தம், வெப்பநாட்டுக் காலநிலை என்பனவே பின்னர்க் காரணங்களாகக் கூறப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இது மருத்துவர் கைக்கு வந்தது. சிங்கப்பூர் மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த கில்மோர் எல்லிஸ் 1893இல் மலாயரின் ‘அமொக்’ பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதினார். மலாய் நாடுகளில் ஆட்சி புரிந்த பிராங்க் ஸ்வெற்றன்ஹாம் 1895இல் வெளியிட்ட நூலில் ஓர் இயலுக்கு இதனையே தலைப்பாக்கினார். நூறாண்டு கழித்து, 1994இல் வெளிவந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் நான்காம் பதிப்பில், குறிப்பிட்ட பண்பாட்டோடு பிணைந்த நோய்களின் பட்டியலில் இச்சொல் இடம்பெற்றது. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அப்பட்டியல் முறையையே கைவிட்டது. பள்ளியிலும் தொழிலகத்திலும் புகுந்து கண்டாரைச் சுடும் கொடுமை மேலைநாடுகளிற் பலமுறை நிகழ்ந்த பின்னர், அதனை ஓரினத்தின் நோய் என எவரும் கூறவியலாதாயிற்று.

மலாய் மொழியிலோ இச்சொல்லின் பழம்பொருள் முற்றும் அழியவில்லை. ‘ஹிக்காயத் ஹங் துவா’ என்னும் பழங்கதையில், தன் நண்பன் துவாவுக்கு அரசன் குற்றமின்றிக் கொலைத்தண்டம் விதித்தமை பொறாது ஹங் ஜெபாட் அரண்மனையிற் கிளர்ந்தெழுந்ததும் இச்சொல்லாலேயே வழங்கும். அது அநீதி கண்டு எழுந்த சினம். ஆங்கில வினையடையில் இப்பொருளுக்கு இடமில்லை.

‘பெர்சேர்க்’ என்னும் மற்றோர் ஆங்கிலச் சொல்லும் இவ்வழியே வந்தது. பண்டை நோர்வே நாட்டிற் கரடித்தோல் போர்த்த வீரனைக் குறித்த அச்சொல், இன்று அடக்கமிழந்த சினத்தையே குறிக்கின்றது. தமிழும் இதற்கு விலக்கன்று. ‘வெறியாட்டு’ என்பது முருகன் ஏறப்பெற்ற வேலன் ஆடும் வழிபாட்டுக் கூத்து. ‘காடையர் வெறியாட்டம்’ எனச் செய்தித்தாள் எழுதும்போது அவ்வழிபாட்டின் நிழலும் அதில் இல்லை. வழிபாடும் வீரமும் சுட்டிய சொற்கள் கொலையைச் சுட்டுவனவாக இழிதல் பல மொழிகளுக்கும் பொதுவான போக்கு.

மாத்தளையும் இச்சொல்லும்

இலங்கையில் மலாய் மக்கள் அயலார் அல்லர். ஒல்லாந்தர் ஆட்சியிற் படைவீரராகவும், நாடுகடத்தப்பட்ட அரசகுலத்தினராகவும், கைதிகளாகவும் யாவா முதலிய தீவுகளிலிருந்து கொணரப்பட்டவரின் வழிவந்தோர் அவர்கள். 1869இல் கொழும்பிலிருந்து ‘ஆலாமத் லங்காபுரி’ என்னும் மலாய்ப் பத்திரிகையை அரபு எழுத்தில் வெளியிட்டனர். இந்நாட்டுச் சமையலறையிலுள்ள சம்பலும், பெருநாட் பலகாரமாகிய தொதலும் அவர் மொழிச் சொற்களே. மயிரைக் குறிக்கும் ‘றம்புட்’ என்பதிலிருந்து பெயர்பெற்ற றம்புட்டான் பழமும் அவ்வாறே. மாத்தளைத் தோட்டங்களில் மணக்கும் கராம்பும் சாதிக்காயும் அத்தீவுக் கூட்டத்தின் கீழ்ப்பகுதியைத் தாயகமாகக் கொண்டவை. இவ்வளவு நெருங்கிய ஒரு மக்களிடமிருந்து உலகம் எடுத்துக்கொண்ட பெயர்பெற்ற சொற்களுள் ‘அமொக்’ ஒன்று என்பது வருந்தத்தக்கது.

இம்மண்ணின் வரலாறு அச்சொல்லின் குறையை வெளிப்படுத்தும் இரு நிகழ்ச்சிகளைக் கண்டது.

முதலாவது 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி. துவக்கு, நாய், கடை முதலியவற்றுக்கு வரி விதிக்கப்பட்டது. வீதியமைக்க ஆண்டுதோறும் ஆறு நாள் உழைக்க வேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்த வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டு ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா முடிசூட்டப்பட்டார். இரண்டு நாட்களில் மாத்தளை தாக்கப்பட்டது. ஆள்பவர் கண்ணுக்கு அது வெறிகொண்ட கூட்டம். வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பார்க்கு அது காரணமுள்ள சினம். படைச்சட்டத்தின்கீழ் நிகழ்ந்த கொடுமைகளைப் பிரித்தானியப் பாராளுமன்றமே விசாரித்தது. 1850இல் தேசாதிபதி ரொறிங்டன் பதவி நீங்கினார். கிளர்ச்சியை அடக்கக் கண்டியிலிருந்து வந்த படையில் இலங்கை றைபிள் படைப்பிரிவினரும் இருந்தனர். அப்படைப்பிரிவிற் பெருந்தொகையினர் மலாய் வீரர். ‘அமொக்’ என்னும் சொல்லால் அடக்கமிலார் எனப் பெயர்பெற்ற இனத்தவரையே, அடக்கமும் ஒழுங்கும் வேண்டிய பணிக்கு ஆங்கிலேயர் 1873வரை நம்பியிருந்தனர்.

இரண்டாவது 1983ஆம் ஆண்டு ஜூலை. அவ்வாரத்தில் மாத்தளை நகரிலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரியுண்டன. கூட்டம் ‘அமொக்’ ஆயிற்று என்றாற்போலும் சொற்கள் அந்நாட்களைப்பற்றிப் பின்னர் எழுதப்பட்ட ஆங்கிலத்தில் எளிதில் வந்து விழுவன. ஆனால் வெறிகொண்டு ஓடுபவன் பட்டியல் கொண்டு ஓடுவதில்லை. கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்து எது தமிழர் வீடு எனப் பார்த்துத் தீமூட்டினர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. அங்கு நிகழ்ந்ததற்குத் திட்டம் இருந்தது. திட்டமிருந்த இடத்திற் பொறுப்பாளியும் இருப்பான். ‘அமொக்’ என்னும் சொல் அப்பொறுப்பாளியைக் கூட்டத்துள் மறைத்துவிடும்.

முன்னதில் இச்சொல் சினத்தின் காரணத்தை மறைக்கும். பின்னதில் கொடுமையின் திட்டத்தை மறைக்கும். காரணமும் திட்டமும் மறைந்தவிடத்து நீதிக்குக் கேட்பதற்கு வினாவே இல்லை.

ஆதலின் இச்சொல்லை மொழிபெயர்க்குமிடத்து மாணவர் எண்ணிப்பார்க்க வேண்டுவது உண்டு. யானைக்கு எனின் ‘மதம்பிடித்து’ என்பது பொருந்தும். மனநிலை திரிந்த ஒருவனுக்கு எனின் ‘கண்மண் தெரியாமல்’ என்பது போதும். ஊரையே எரித்த கூட்டத்துக்கு எனின், எவ்வடைமொழியும் இடுவதற்கு முன், எவர் ஏவினர், எதன்பொருட்டு ஏவினர் என்னும் வினாக்களை எழுப்புதலே முறை. வெகுளிக்குக் களன் கூறிய தொல்காப்பியர் மரபு அதுவே. காரணம் அறியாது எழுதப்படும் சினம் செய்தியாகலாம், வரலாறு ஆகாது.